கறுப்பு ஜோடிக்குச் சாம்பல் குட்டி: முயல் நிறக் கேள்விகள்

கே: நான் ஜோடியாக வாங்கிய இரண்டு முயலும் நல்ல கறுப்பு. முதல் ஈற்றில் ஏழு குட்டி, அதில் இரண்டு மட்டும் நீலச் சாம்பல். விற்றவர் ஏமாற்றிவிட்டாரா, இல்லை பக்கத்துக் கூண்டு ஆண் முயலின் வேலையா?
- ஒட்டன்சத்திரம் வாசகர்

ப: விற்றவரை விட்டுவிடுங்கள், அவர் பாவம். கறுப்பை அடர்த்தியாக வைப்பதா, வெளுக்க விடுவதா என்று முடிவு செய்ய முயலில் ஒரு தனி மரபணு இருக்கிறது. வெளுக்க விடும் வடிவம் ஒடுங்கு பண்பு, அதாவது அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் இருந்தால் முயல் கறுப்பாகவே இருந்துகொண்டு அதைக் குட்டிகளுக்குக் கடத்தும். உங்கள் ஜோடி இரண்டிலும் அது இருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நீலமாகப் பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு. ஏழுக்கு இரண்டு, கணக்கு சரியாகத்தான் வருகிறது. பக்கத்துக் கூண்டுக்காரர் வந்துபோயிருந்தாலும் உங்கள் பெண் முயலிடம் அந்த மரபணு இல்லாமல் நீலக் குட்டி வராது.

ஆனால் ஒன்று, அது நிஜமாகவே நீலம்தானா? முதுகு முடியை வாயால் ஊதிப் பாருங்கள். நுனி முதல் தோல் பக்கம் வரை சாம்பல்தான், அடியில் கொஞ்சம் வெளிறினாலும் நடுவே பட்டை இல்லை, கண்ணும் நீலச் சாம்பலாக இருக்கிறது என்றால் நீலம். அடியில் ஈயச் சாம்பல், நடுவில் முத்து வெள்ளை, நுனியில் கறுப்பு என்று வளையம் வளையமாகத் தெரிந்து, வயிறும் கண்ணைச் சுற்றியும் வெள்ளையாக இருந்தால் அது சின்சில்லா. வளையம் போடும் மரபணு ஓங்கு பண்பு, பெற்றோரிடம் இருந்தால் பொதுவாக அவர்கள் முடியிலேயே தெரிந்திருக்கும். அதனால் வளையம் தெரிந்தால் மட்டும் பக்கத்துக் கூண்டைச் சந்தேகப்படுங்கள்!

கே: சிவப்புக் கண் வெள்ளை ஆணைப் பழுப்புப் பெண்ணோடு சேர்த்தேன். ஒரு குட்டிகூட வெள்ளை இல்லை. ஏன்?
- நாமக்கல் வாசகி

ப: சிவப்புக் கண் வெள்ளையும் ஒடுங்கு பண்புதான். அந்த முயலுக்கு நிறமே இல்லை என்று நினைக்காதீர்கள், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி அடியில் கறுப்போ பழுப்போ எதுவும் இருக்கலாம், குட்டி போட்டால்தான் தெரியும். இரண்டு சிவப்புக் கண் வெள்ளைகளைச் சேர்த்தால் வெள்ளை தவிர வேறு வராது. நீலக் கண் வெள்ளை வேறு சங்கதி. அது வியன்னா என்கிற தனி மரபணுவால் வருவது, அதனால் சிவப்புக் கண் வெள்ளையோடு அதைச் சேர்த்தால் நிறமுள்ள குட்டிகளே பிறக்கலாம். இரண்டு வெள்ளைக்குக் கறுப்புக் குட்டியா என்று அப்போது மயங்கி விழாதீர்கள்.

கே: கலிஃபோர்னியன் முயலுக்கு மூக்கும் காதும் குளிர்காலத்தில் கூடுதல் கறுப்பாகத் தெரிகிறது. பிரமையா?
- கொடைக்கானல் வாசகர்

ப: பிரமை இல்லை. நிறமி உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதி இந்த முயல்களில் கொஞ்சம் பலவீனமானது, உடம்புச் சூட்டில் வேலை செய்யாது, குளிர்ந்த இடத்தில் மட்டும் செய்யும். மூக்கு, காது, பாதம், வால் நான்கும் உடம்பின் மற்ற இடங்களை விடக் குளிர்ந்தவை என்பதால் அங்கே கறுப்பு. முதுகு முடியை மழித்து ஐஸ் பை கட்டி வைத்தால் அங்கே கறுப்பு முடி முளைக்கும் என்று பாடப்புத்தகங்களில் படம் போட்டே காட்டுவார்கள் (வீட்டில் செய்ய வேண்டாம், முயல் பாவம்). குட்டியைக் குளிரில் விட்டால் உடம்பிலும் சாம்பல் பட்டைகள் விழலாம், முடி மாறும்போது போய்விடும். வெயிலூரில் வளர்க்கும் உறவினரின் முயல் வெளிறி இருந்தால் உடனே கலப்பினம் என்று சொல்லிவிடாதீர்கள்.

கே: புள்ளி முயலுக்குத்தான் கிராக்கி. புள்ளியோடு புள்ளி சேர்க்கலாமா?
- தேனி வாசகர்

ப: வேண்டாம். இங்கிலிஷ் ஸ்பாட் வகைப் புள்ளி மரபணு ஒன்று இருந்தால் அழகான புள்ளி, இரண்டு இருந்தால் குட்டி ஏறக்குறைய வெள்ளையாகப் பிறக்கும். நாலில் ஒன்று அப்படி. சார்லி என்பார்கள். அவற்றுக்குப் பெருங்குடல் வீங்கிச் செரிமானம் கெடும் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம். புள்ளியை ஒரே நிற முயலோடு சேருங்கள், சராசரியாகப் பாதிக் குட்டி புள்ளியாகவே வரும்.