பழைய மீன் புது மீனைக் கலைத்தால் எதைப் பிடித்து வெளியே எடுப்பது?

கடல் மீன் தொட்டியில் புதிதாக எதை விட்டாலும் பழைய மீன்கள் கலைத்துக் கலைத்துக் கடிக்கின்றன, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். புது மீனைத் துளைப்பெட்டிக்குள், அதாவது தொட்டிக்குள் தொங்கவிடுகிற துளை போட்ட பெட்டிக்குள், போட்டுப் பழக்குங்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். நான் மற்றப் பக்கம் நிற்கிற ஆள். அடி வாங்குகிறதை விடுங்கள், அடிக்கிறதைப் பிடித்து வெளியே எடுங்கள்.

உங்களிடம் இருப்பது டாம்சல் என்கிற சின்னப் பவளப்பாறை மீன், இல்லாவிட்டால் ஒரு பெரிய பெண் நீமோ (கோமாளி மீன்) என்று நினைக்கிறேன். நீமோவும் டாம்சல் குடும்பம்தான், குணமும் அப்படித்தான். கடைக்காரர்கள் முதலில் தலையில் கட்டுவது இவற்றைத்தான். விலை மலிவு, லேசில் சாகாது, கேட்டால் “சாதுவான மீன் அண்ணை, ஒன்றும் செய்யாது” என்பார்கள்.

எனக்கு வாய்த்தது டொமினோ என்கிற டாம்சல். நான் இருப்பது புதுக்குடியிருப்புப் பக்கம். வெளிநாடு போகிற ஒருவரிடம் வவுனியாவில் பாவித்த தொட்டி ஒன்றை வாங்கினேன், அவர் மீனையும் சேர்த்தே தந்தார். கன்னங்கரேல் என்று உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, முதுகில் பக்கத்துக்கு ஒன்று. குஞ்சாக இருக்கையில் நல்ல வடிவு. வளர வளரப் பொட்டு மங்கும், குணம் கெடும், 14 சென்ரிமீற்றர் வரை வளரும். அதோடு ஒரு ஃபயர் கோபியை விட்டேன். அது பாவம், முன்பாதி வெள்ளை, பின்பாதி சிவப்பு, முதுகில் நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு முள். ஆபத்து என்றால் பொந்துக்குள் ஓடுவதைத் தவிர அதற்கு வேறு ஒன்றும் தெரியாது. டொமினோ அதைப் பொந்துக்கும் விடவில்லை, சாப்பாட்டுக்கும் விடவில்லை.

ஒருநாள் பின்னேரம் கரண்ட் போய்விட்டது. பற்றரிப் பம்பைக் கொழுவப் போனேன். மற்றப் பம்புகள் எல்லாம் நின்று வீடே அமைதி. தொட்டிக்குள் இருந்து ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம், நகத்தால் கண்ணாடியில் தட்டுவது போல. ரோர்ச் அடித்துப் பார்த்தால் கோபி மேல்மூலையில் தண்ணீர் மட்டத்தோடு ஒட்டி நிற்கிறது, வால் கிழிந்து நார் நாராகத் தொங்குகிறது. டொமினோ கீழே கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து சத்தம் போடுகிறது. டாம்சல் இன மீன்கள் இடத்துக்காகச் சண்டை பிடிக்கும்போது இப்படிச் சத்தம் போடும், கட்டுக்கதை இல்லை. பம்பு ஓடிக்கொண்டிருந்தால் நமக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

அதைக் கண்ட பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இது எங்கள் ஊர் வேலிச் சண்டை. புது மீன்மேல் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை, கல் தன்னுடையது என்பதுதான் வழக்கு. புது மீனைப் பெட்டியில் வைத்தால் பழையது அந்தக் கல்லிலேயேதான் இருக்கும். பெட்டியைத் திறந்த அன்று வழக்கு மறுபடி தொடங்கும். ஆளை அந்த இடத்தில் இருந்து எழுப்பினால்தான் உரிமை போகும்.

ஆனால் கல்லடுக்குக்குள் டொமினோவை வலையால் பிடிக்க ஏலாது. ஒரு பிளாஸ்ரிக் சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகத் திருப்பிச் செருகுங்கள். களப்பில் மீனுக்கு வைக்கிற கூடு போலத்தான், உள்ளே போகிற வழி லேசு, வெளியே வருகிற வழி கஷ்டம். உள்ளே தண்ணீர் ஓடுகிற மாதிரி துளைகள் போட்டு ஒரு துண்டு இறாலை வையுங்கள். கூடு வைப்பதற்கு முதல் நாள் சாப்பாடு போட வேண்டாம். மீனைப் பட்டினி போடுகிறான் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள், கொழுத்த டொமினோ ஒரு நாள் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது. அடிக்கிற மீன்தான் எப்போதும் முதலில் சாப்பாட்டுக்கு ஓடி வரும், ஆகவே அதுவேதான் மாட்டும்.

பிடித்ததைக் கீழே சம்புக்குள் (தொட்டித் தண்ணீரை வடிகட்டுகிற கீழ்த்தொட்டி) விடுங்கள், பம்பு இழுக்காமல் தடுப்பு வைத்து. பெரிய தொட்டிக்குள்ளேயே துளைப்பெட்டியில் போட்டால் அங்கிருந்தபடி இடத்துக்குக் காவல் இருக்கும், கண்ணில் படாத இடம்தான் நல்லது. ஒன்றிரண்டு கிழமை விடுங்கள். அதற்குள் கற்களை மாற்றி அடுக்குங்கள், பவளம் ஒட்டியிருந்தால் அசைக்கக்கூடியதை மட்டும். புதுக் கல் வேண்டும் என்று கடலில் முருகைக்கல் உடைக்கப் போகாதீர்கள், இலங்கையில் அது குற்றம். கோபி ஒரு பொந்தைப் பிடித்து, சாப்பாட்டுக்குப் பயமில்லாமல் வெளியே வந்த பிறகு, இரவு விளக்கை அணைத்துவிட்டு டொமினோவைத் திருப்பி விட்டேன். இப்போது புது ஆள் அதுதான். கொஞ்சம் கலைத்துப் பார்த்தது, கடிக்கவில்லை.

இதற்கிடையில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிற சொந்தங்கள் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, உப்புக்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார்கள். பிறகு, “வன்னியில இருந்துகொண்டு இதெல்லாம் தேவையா தம்பி?” ரொறன்ரோவில் அவர்கள் வீட்டில் இருந்தால் பொழுதுபோக்கு, என் வீட்டில் இருந்தால் ஊதாரித்தனம். 2009இல் போர் முடிந்து இவ்வளவு காலமான பிறகும் நாங்கள் தறப்பாளுக்குக் கீழே இருந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி போல. என் உழைப்பு, என் காசு.

சரி, மீனுக்கு வருவோம். பெட்டி வேலைக்கே உதவாது என்று நான் சொல்லவில்லை. அடிப்பது ஒன்றாக இல்லாமல் நாலைந்தாக இருந்தால், அல்லது பவுடர் புளூ டாங் போன்ற பெரிய மீனாக இருந்தால், புதியதைப் பெட்டியில் வைப்பதுதான் நடைமுறை. டாங்கின் வாலடியில் கத்தி மாதிரி முள் இருக்கிறது, வெறுங்கையால் பிடிக்கப் போகாதீர்கள். அது தன் உருவத்தில் இருப்பதைத்தான் கூடுதலாக அடிக்கும். அதற்குத் தொட்டிக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் கொஞ்ச நாள் அதோடு மினக்கெடும். நீமோ சோடிக்கு மூன்றாவதைச் சேர்க்கவே வேண்டாம், பெண் அதைக் கொன்றுவிடவும் கூடும்.

சும்மா கலைப்பதற்கெல்லாம் பதறாதீர்கள். செட்டை கிழிவது, மேல்மூலையில் தொங்குவது, வேகமாக மூச்சு வாங்குவது, சாப்பாட்டுக்கு வராமல் இருப்பது, இவற்றில் ஒன்றைக் கண்டால் அன்றே இரண்டையும் பிரித்துவிடுங்கள். மன அழுத்தத்தில் இருக்கிற மீனுக்குத்தான் வெள்ளைப்புள்ளி நோய் முதலில் வரும், பிறகு முழுத் தொட்டிக்கும் பரவும். முல்லைத்தீவுக் கடலில் தண்ணீர் அள்ளுகிறவர்கள் மாரி காலத்தில் உவர்ப்பை அளக்காமல் ஊற்றவும் வேண்டாம். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புக்குக் கிட்ட இருக்க வேண்டும், மழைநீர் கலந்தால் இறங்கிவிடும். ஃபயர் கோபி வாங்கினால் வலை மூடி கட்டாயம், பயந்தால் வெளியே பாயும்.

உங்கள் தொட்டி எத்தனை லீற்றர், அடிக்கிறது எந்த மீன், எது எதற்குப் பிறகு வந்தது என்று எழுதுங்கள். போத்தல் கூடு வேலை செய்யுமா, பெட்டிதானா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.