எச்ஓ அளவில் பாக்ஸ்கார்: கேள்வி பதில்

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். 1930 முதல் 1955 வரை ஓடிய அமெரிக்க சரக்கு வண்டிகள், முக்கியமாக 40 அடி பாக்ஸ்கார்கள் (கூரையும் பக்கக் கதவும் உள்ள மூடிய வண்டிகள்), எச்ஓ என்ற மாடல் ரயில் அளவில். இதற்குள் எதைக் கேட்டாலும் சொல்கிறேன்.

கே: புதிதாகத் தொடங்குகிறேன் சார். எச்ஓ என்பது எவ்வளவு சிறியது? எந்தக் கிட் துல்லியமானது?

ப: அசல் வண்டியின் 1 அடி மாடலில் 3.5 மில்லிமீட்டர். விகிதம் 1:87.1. 40 அடி என்பது 14 சென்டிமீட்டராகிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு முன்னால் வேறு சில கேள்விகள் இருக்கின்றன. எந்த ரயில்வே? எந்த எண் வரிசை? எந்த ஆண்டு? பாக்ஸ்கார் என்று பொதுவாக ஒன்று ஓடியதே இல்லை. 1932ல் வகுத்த ஸ்டீல் பாக்ஸ்காரின் உட்புற உயரம் 9 அடி 4 அங்குலம். 1937ல் அமெரிக்க ரயில்வேக்களின் சங்கமான ஏஏஆர் வகுத்ததில் 10 அடி. அந்த 8 அங்குலம் எச்ஓவில் 2.3 மி.மீ. ஆகிறது. இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்துங்கள், கூரைக் கோடு ஏறி இறங்குவது தூரத்திலிருந்தே தெரியும். அக்கால சரக்கு ரயில் படங்களின் முகமே அந்த ஏற்ற இறக்கம்தான். எல்லாம் ஒரே உயரத்தில் போனால் அது 1940களின் ரயில் இல்லை. அதேபோல புல்மன் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் பிஎஸ்-1 பாக்ஸ்கார் வந்தது 1947ல். அதை 1944 யார்டில் நிறுத்தினால் எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் தவறுதான்.

எனவே முதலில் ஆண்டு, அடுத்து படம், கிட் கடைசியில். தேதி தெரிந்த படம் இல்லாமல் கத்தியைத் தொடாதீர்கள்.

கே: படம் இருக்கிறது. அதில் எதைப் பார்ப்பது?

ப: கூரை, முனைச் சுவர், பக்கச் சுவர், அதன் அடி விளிம்பு, கதவு. இந்த ஐந்தும் கிட்டோடு ஒத்துப்போனால் மீதியை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். கூரையோ முனைச் சுவரோ ஒத்துப்போகாவிட்டால் வேறு கிட் தேடுங்கள், அல்லது அந்தப் பாகத்தை மட்டும் தனியாக வாங்குங்கள். கதவு மாற்றுவது எளிது. யங்ஸ்டவுன் கதவு நெளிநெளியாக இருக்கும், சுபீரியர் கதவில் கிடையான அகலப் பட்டைகள். ஒரே எண் வரிசையில்கூட பாதி வண்டிகளுக்கு ஒன்றும் மீதிக்கு மற்றதும் இருந்திருக்கலாம். அதனால்தான் ரயில்வேயின் பெயர் மட்டும் போதாது, எண்ணும் வேண்டும் என்கிறேன்.

அப்புறம் எழுத்துகளைப் படியுங்கள். சுவரின் இடது பாதியில் லோடு லிமிட் (ஏற்றக்கூடிய எடை), லைட் வெயிட் (காலி வண்டியின் எடை) என்று இரண்டு எண்கள் இருக்கும். 1940களின் 50 டன் வண்டியில் இரண்டையும் கூட்டினால் 1,69,000 பவுண்டு வர வேண்டும், 40 டன் வண்டியில் 1,36,000. அந்த ஆக்சில்கள் தாங்கும் மொத்த எடை அது. லைட் வெயிட் 45,200 என்றால் லோடு லிமிட் 1,23,800. டீக்கல் தாளிலிருந்து (எழுத்துகள் அச்சிட்ட ஒட்டுத்தாள்) கைக்கு வந்த எண்களை ஒட்டியவரை இந்தக் கூட்டல் உடனே காட்டிக்கொடுக்கும்.

பக்கத்திலேயே எடை பார்த்த தேதியும் இருக்கும். “நியூ 3-41” என்றால் 1941 மார்ச்சில் புதிதாக வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி எடை போடும்போது பழைய எண்ணை மறைத்துப் புதிதாக எழுதுவார்கள். மங்கிய சுவரில் அந்தச் சின்னச் சதுரம் மட்டும் புதுநிறமாகத் தெரியும். மாடலில் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். வண்டிக்கு ஒரு வரலாறு வந்துவிடும்.

கே: துல்லியமான கிட் கம்பெனி ஒன்றின் பெயரைச் சொல்ல முடியுமா?

ப: மேலே முதல் பதில்.

கே: ரெசின் கிட்டில் பெயின்ட் உரிந்து வருகிறது.

ப: அச்சிலிருந்து பாகம் கழன்று வரத் தடவிய பொருள் மேலேயே இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவிட்டு ப்ரைமர் அடியுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒருமுறை, பெயின்டுக்கு முன் ஒருமுறை. ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக்கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

கே: பிரேக் பாகங்களை அடியில் ஒட்டுவது வீண் வேலை இல்லையா அண்ணா? யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

ப: பக்கவாட்டில் கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள். அடி விளிம்புக்குக் கீழே சிலிண்டரும் காற்றுத் தொட்டியும் நிழலுருவாகத் தொங்குவது தெரியும். குனியவே வேண்டாம்.

இன்னொன்று, அந்தப் பாகங்களும் தேதி சொல்லும். பழைய கே பிரேக்கில், பெரும்பாலான வண்டிகளில், சிலிண்டரும் தொட்டியும் வால்வும் ஒரே கட்டாக இருக்கும். ஏபி பிரேக்கில் மூன்றும் தனித்தனி. 1933க்குப் பிறகு புதிதாகக் கட்டியவற்றுக்கு ஏபி. பழைய வண்டிகளும் படிப்படியாக மாறின. 1953க்குப் பிறகு கே பிரேக் வண்டியை இன்னொரு ரயில்வே தன் பாதையில் ஏற்காது. ஆக 1950ல் கே பிரேக் இருக்கலாம், 1955ல் அடுத்த ரயில்வேயின் தண்டவாளத்தில் இருக்கக்கூடாது.

பலர் செய்யும் பிழை, சிலிண்டரைத் திருப்பி ஒட்டுவது. சிலிண்டரின் தண்டு வெளியே வரும் திசையில் இருப்பது பி முனை. கைப்பிரேக் சக்கரமும் அந்த முனையில்தான். கிட்டின் குறிப்புத்தாளை நம்பாமல் இதைச் சரிபாருங்கள். ரயில் முழுக்க ஓடும் காற்றுக் குழாய்க்கு 0.5 மி.மீ. கம்பி சரியான தடிமன்.

கே: கைப்பிடிக் கம்பிகள் மாடலில் தடித்துத் தெரிகின்றன. எவ்வளவு மெல்லிய கம்பி வேண்டும்?

ப: 1911ல் ஐசிசி (அமெரிக்காவின் மாநிலங்களுக்கிடையேயான வர்த்தக ஆணையம்) வகுத்த விதிப்படி கைப்பிடியின் விட்டம் குறைந்தது 5/8 அங்குலம், சுவரிலிருந்து இடைவெளி குறைந்தது 2 அங்குலம். எச்ஓவில் 0.18 மி.மீ. விட்டம், 0.6 மி.மீ. இடைவெளி. கை படுகிற வண்டிக்கு 0.25 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பி நல்ல சமரசம். பித்தளை சீக்கிரம் வளைந்துவிடும். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 0.6 மி.மீ. தடிமனுள்ள ஸ்டைரீன் பிளாஸ்டிக் பட்டையைச் செருகிக்கொண்டு, உள்பக்கமிருந்து சூப்பர் க்ளூ விடுங்கள். எல்லாக் கைப்பிடியும் ஒரே தூரத்தில் நிற்கும். தடிமனைவிட இந்த இடைவெளி சீராக இருப்பதுதான் கண்ணுக்கு முதலில் படும்.

கே: இன்னும் சிறிய “N” ஸ்கேலில் இதையே செய்யலாமா?

ப: 1:160ல் அதே கம்பி 0.1 மி.மீ. அந்த அளவில் கட்டுபவரிடம் கேளுங்கள்.

கே: வண்டி தடம் புரள்கிறது. எடை போதவில்லையா?

ப: அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரை எச்ஓவுக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 40 அடி பாக்ஸ்காருக்கு ஏறத்தாழ 110 கிராம். எடையைத் தரையோடு ஒட்டித் தாழ்வாக வையுங்கள். ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் ஒட்டாதீர்கள். நாளடைவில் ஈயம் அரித்து, உப்பி, சுவரையே பிளந்துவிடும்.

ஆனால் பாதிப் பேருக்குக் காரணம் எடை இல்லை, போகி (வண்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) திருகுகள். ஒரு போகி பக்கவாட்டில் ஆடாமல் திரும்ப மட்டும் வேண்டும், மற்றது எல்லாப் பக்கமும் கொஞ்சம் ஆட வேண்டும். இரண்டையும் இறுக்கினால் தண்டவாளத்தின் சின்ன மேடு பள்ளத்திலும் ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

கே: கோடு (code) 88 சக்கரம், அதாவது 0.088 அங்குல அகலச் சக்கரம், போடலாமா?

ப: போடுங்கள். வழக்கமான கோடு 110 சக்கரம் 2.8 மி.மீ. அகலம், அசலில் ஒன்பதரை அங்குலம் ஆகிறது. நிஜச் சக்கரம் ஏறத்தாழ ஐந்தே முக்கால். கோடு 88 ஏழே முக்காலுக்கு வந்து நிற்கிறது. சாதாரணத் தண்டவாளத்திலேயே ஓடும். வண்டிகளைப் பிணைக்கும் கப்ளருக்குக் கேடீ கம்பெனியின் 58ஆம் எண், தலை அசல் அளவுக்கு நெருக்கம், அவர்களின் பழைய 5ஆம் எண்ணோடும் பிணையும்.

கே: பாக்ஸ்கார் ரெட்டுக்குச் சரியான பெயின்ட் பாட்டில் எது?

ப: அப்படி ஒரு நிறம் இல்லை. அது இரும்பு ஆக்சைடு. எந்தத் தாது, எப்படிச் சுட்டது என்பதைப் பொறுத்துச் செங்கல் நிறத்திலிருந்து சாக்லேட் பழுப்பு வரை போகும். ஒவ்வொரு ரயில்வேக்கும் தனி நிறம், அதுவும் காலப்போக்கில் மாறியது. பென்சில்வேனியா ரயில்வேயின் பழைய வண்டிகளில் ஆரஞ்சுச் சாயல், சாண்டா ஃபே ரயில்வேயின் மினரல் பிரவுன் பழுப்புப் பக்கம்.

கே: ஏற்க மாட்டேன் ஐயா. ரயில்வேக்கள் பெயின்ட் வாங்கும்போது நிற அட்டை வைத்துத்தான் ஒப்பிட்டன. அந்த அட்டை இருந்தால் சரியான நிறமும் இருக்கிறது.

ப: அட்டை இருந்தது உண்மை. அது தொழிற்சாலைக்கு வந்த டப்பாவைச் சோதிக்க. வண்டி பெயின்ட் பட்டறையை விட்டு வெளியே வந்த முதல் நாளுக்கு அந்த அட்டை சாட்சி. அடுத்த வாரத்திலிருந்து கரிப்புகை, வெயில், மழை. எண்ணெய்ப் பெயின்ட் மேற்பரப்பில் பொடிந்து வெளுக்கும். உங்கள் மாடலில் எடை பார்த்த தேதி 1944 என்றும், கட்டிய தேதி 1937 என்றும் எழுதிவிட்டு அட்டை நிறத்தை அடித்தால் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும். அட்டைக்கும் வயதாகிறது என்பதையும் மறக்காதீர்கள்.

கே: (இன்னொருவர்) எதற்கு வாதம்? வண்ணப் படத்தைக் கணினியில் திறந்து நிறத்தை எடுத்துக்கொண்டால் முடிந்தது.

ப: முடியாது. மாலை வெயிலில் எல்லாப் பழுப்பும் சிவக்கும். அக்கால ஸ்லைடு பிலிம்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கி, படமே சிவப்பாகிவிடும். கோடாக் கம்பெனியின் கோடாக்ரோம் பிலிம் இருட்டில் வைத்தால் நன்றாகத் தாங்கும், ஆனாலும் ஸ்கேன் செய்தவரின் கை அதில் இருக்கிறது.

படத்திலிருந்து எடுக்க வேண்டியது வித்தியாசத்தை. புகைப்படக்காரர் ஜாக் டெலானோ 1942 டிசம்பரில் சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் யார்டில் எடுத்த கோடாக்ரோம் படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. ஒரே பிலிம், ஒரே வெளிச்சம், பக்கத்துப் பக்கத்துப் பாதைகளில் பாக்ஸ்கார்கள். ஒன்று செம்மண், ஒன்று காப்பி, ஒன்று கிட்டத்தட்டக் கருப்பு. இந்த விவாதத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

கே: (அட்டை நண்பர்) அப்படியானால் எந்த நிறமும் அடிக்கலாம் என்கிறீர்களா?

ப: இல்லை, அது எதிர்முனைப் பிழை. ஒரு ரயில்வேயின் நிறத்துக்கு எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் ஒவ்வொரு வண்டியும் ஓர் இடத்தில் நிற்கும். உங்கள் அட்டையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அதைத் தொடக்கப் புள்ளியாக வையுங்கள். அங்கிருந்து கொஞ்சம் வெளிறியது, கொஞ்சம் பழுத்தது, புகையேறியது என நாலைந்து கலவை செய்து ஸ்டைரீன் துண்டுகளில் அடித்து, ரயில் ஓடும் அதே விளக்கின் கீழ் பாருங்கள். வேலை மேசை விளக்கில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அறை வெளிச்சம் வெயிலைவிட மிக மங்கல், அதனால் மாடலுக்கு ஒரு படி வெளிறிய கலவை வேண்டும்.

கூரையைத் தனியாக யோசியுங்கள். கால்வனைஸ் தகட்டில் பெயின்ட் பிடிக்காமல் திட்டுத்திட்டாக உரியும், சாம்பல் உலோகம் தெரியும். சில ரயில்வேக்கள் கூரைக்குக் கருப்புத் தார்ப்பூச்சு அடித்தன. மாடலை நாம் மேலிருந்துதான் அதிகம் பார்க்கிறோம், பெயின்ட் வேலையில் முதல் கவனம் கூரைக்கே போக வேண்டும்.

கே: நிறத்திலேயே நேரம் போய்விட்டது. எந்தக் கிட் வாங்குவது என்று யாராவது…

ப: ஆண்டும் எண் வரிசையும் எழுதி அனுப்புங்கள், கிட் சொல்கிறேன். அவை இல்லாமல் சொன்னால் உங்கள் பணம்தான் வீணாகும்.

கே: மாடல் ரயிலை டிஜிட்டலாக இயக்கும் டிசிசி டீகோடர் எது நல்லது?

ப: என் துறை இல்லை.

கே: என்னிடம் 1941 படம் இருக்கிறது. ஆனால் அதே வரிசையில் வேறு எண் ஒட்ட ஆசை. தவறா?

ப: தவறில்லை. வரிசையின் முதல் எண்ணும் கடைசி எண்ணும் தெரிந்து, அதற்குள் இருக்க வேண்டும். கதவு, கூரை மாறிய உட்பிரிவுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எண் மாறினால் லைட் வெயிட்டும் சில நூறு பவுண்டு மாறும், மறக்காமல் லோடு லிமிட்டையும் திருத்துங்கள்.

கே: 1970களின் பாக்ஸ்கார் கட்டுகிறேன். ஏதாவது சொல்ல முடியுமா?

ப: என் காலத்துக்குப் பிந்தியது, ஒன்று மட்டும் சொல்கிறேன். 1966க்குப் பிறகு புதிதாகக் கட்டியவற்றில் கூரை நடைபலகை கிடையாது, பழையவற்றிலிருந்து அதை எடுக்கப் பல ஆண்டுகள் ஆயின. உங்கள் வண்டி எப்போது கட்டியது, எப்போது எடுத்த படம், இரண்டையும் பார்த்துவிட்டுப் பலகையில் கை வையுங்கள். எடுத்தால், கூரையில் அதைத் தாங்கிய முட்டுகள் சில வண்டிகளில் அப்படியே விடப்பட்டன. அவற்றைச் சீவிவிடாதீர்கள்.