அரசுகளும் பன்னாட்டு அமைப்புகளும்: யார் பிடியில் யார்? (கேள்வி பதில்)

கேள்வி: ஐ.நா. போன்ற அமைப்புகள் அரசுகளுக்கு மேலே இருக்கின்றனவா, அல்லது அரசுகளின் கைப்பாவைகளா?

பதில்: இரண்டும் இல்லை. "ஐ.நா. இப்படிச் செய்துவிட்டது" என்று ஒரு செய்தியைப் படிக்கும்போது, அங்கே ஐ.நா. என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். 193 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி வாக்களிக்கும் சபையையும், ஊதியம் பெற்றுப் பணிபுரியும் செயலகத்தையும், அந்நாடுகள் கையெழுத்திட்ட சாசனத்தையும் நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம். சபை என்பது அரசுகளேதான். பாதுகாப்பு அவை ஒரு போரைத் தடுக்கத் தவறியது என்றால், அதில் அமர்ந்திருக்கும் 15 அரசுகள் ஒத்துப்போகவில்லை என்றே பொருள். கட்டடத்தைத் திட்டிப் பயனில்லை. செயலகத்துக்கு ஓரளவு சொந்தப் புத்தி உண்டு, சொந்தப் பணம் கிடையாது. சாசனமோ அரசுகள் தாமே பூட்டிக்கொண்ட விலங்கு: பாதுகாப்பு அவையின் முடிவுகளை ஏற்றுச் செயல்படுத்துவதாக அதன் 25ஆம் பிரிவில் உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. பொதுச் சபையின் தீர்மானங்களுக்கு அந்த வலு இல்லை. வரவு செலவு, உறுப்பினர் சேர்க்கை போன்ற உள்விவகாரங்கள் நீங்கலாக அவை பரிந்துரைகளே.

கேள்வி: பாதுகாப்பு அவையில் வீட்டோ அதிகாரமுள்ள (தனி ஒரு வாக்கால் தீர்மானத்தைத் தடுக்கக்கூடிய) நாடு வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, கூட்டத்துக்கே வராவிட்டாலோ என்ன ஆகும்?

பதில்: சாசனத்தின் 27ஆம் பிரிவை எழுத்துக்கு எழுத்து படித்தால், கூட்ட நடைமுறை சாராத முடிவுகளுக்கு ஐந்து நிரந்தர உறுப்பினர்களின் இசைவும் தேவை. வழக்கம் வேறு வழியில் போய்விட்டது. சீனாவின் இடம் தைவானிலிருந்த அரசிடம் இருப்பதை எதிர்த்து, 1950 ஜனவரி முதல் சோவியத் ஒன்றியம் பாதுகாப்பு அவையைப் புறக்கணித்தது. ஜூன் மாதம் கொரியப் போர் மூண்டபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. தென்கொரியாவுக்கு உதவும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆகஸ்டில் சோவியத் பிரதிநிதி திரும்பி வந்தார், ஆனால் காரியம் முடிந்திருந்தது. வாக்களிக்காமல் ஒதுங்குவது வீட்டோ ஆகாது என்ற நெடுநாள் வழக்கத்தை 1971இல் நமீபியா குறித்த கருத்துரையில் பன்னாட்டு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

கேள்வி: பன்னாட்டு நிதியத்திடம் (ஐ.எம்.எஃப்.) கடன் வாங்கும் நாட்டில் மானியம் வெட்டப்படுகிறது, வரி ஏறுகிறது. இந்த நிபந்தனைகளை உண்மையில் எழுதுவது யார்?

பதில்: ஆவணத்தின்படி, கடன் வாங்கும் அரசே எழுதுகிறது. நிதியமைச்சரும் மத்திய வங்கி ஆளுநரும் கையெழுத்திட்டு, நிதியத்தின் நிர்வாக இயக்குநருக்கு "நாங்கள் பின்வரும் நடவடிக்கைகளை எடுக்கவிருக்கிறோம், அதற்கு உங்கள் ஆதரவை வேண்டுகிறோம்" என்ற தோரணையில் ஒரு நோக்கக் கடிதம் அனுப்புவார்கள். அந்தக் கடிதத்தின் வரைவு, நிதியத்திலிருந்து வரும் அலுவலர் குழுவுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும் இடையே பலமுறை போய் வந்திருக்கும். எந்த வரி யாருடையது என்பது கடைசியில் அவர்களுக்கே மறந்துபோயிருக்கலாம். ஆகவே "நிதியம் திணித்தது" என்பதும் "அரசு தானாகச் செய்தது" என்பதும் தனித்தனியே பாதி உண்மைகள்.

இதில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. ஒரு நிதியமைச்சகம் நெடுங்காலமாகச் செய்ய விரும்பி, அமைச்சரவையில் நிறைவேற்ற முடியாமல் தவித்த சீர்திருத்தம், நிபந்தனை என்ற பெயரில் எளிதாக நிறைவேறிவிடும். பழி நிதியத்தின் தலையில் விழும். நிதியமும் அதைப் பெரிதாக மறுப்பதில்லை, ஏனெனில் பழியைச் சுமப்பதும் அது செய்யும் சேவைகளில் ஒன்று என்பது என் கருத்து. ஏழை நாடுகளுக்கு மட்டும் உரிய கதை இது என்று எண்ண வேண்டாம். 1976இல் பிரிட்டன் 390 கோடி டாலர் கேட்டது. அதுவரை நிதியத்திடம் எவரும் கேட்ட தொகைகளில் அதுவே பெரிது. செலவுக் குறைப்பை ஏற்பதா என்று அந்த ஆண்டின் இறுதி வாரங்களில் அமைச்சரவை திரும்பத் திரும்பக் கூடி விவாதித்தது. அரசின் கடன் தேவை பற்றிய மதிப்பீடுகள் மிகையானவை என்று பின்னர் தெரியவந்தது. முழுத் தொகையையும் எடுக்கவேண்டிய நிலையே வரவில்லை.

கேள்வி: அப்படியானால் எதிர்த்திசையிலும் செல்வாக்கு உண்டா? அரசுகள் நிதியத்தை வளைக்க முடியுமா?

பதில்: எல்லா அரசுகளாலும் முடியாது. நிதியத்தில் வாக்கு பங்குத்தொகையைப் பொறுத்தது. முக்கியமான மாற்றங்களுக்கு 85 விழுக்காடு வாக்கு தேவை. அமெரிக்காவிடம் 16 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. அது மறுத்தால் 85 எட்டாது. கணக்கு இவ்வளவுதான். வளரும் நாடுகளின் பங்கைக் கூட்டும் சீர்திருத்தத்தை 2010இல் நிதியம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க நாடாளுமன்றம் 2015 டிசம்பரில்தான் ஒப்புதல் தந்தது. 2016 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க நிர்வாகம் ஏற்கெனவே ஆதரித்த மாற்றம் அது என்பதைக் கவனியுங்கள். "அமெரிக்கா தடுத்தது" என்று சொல்லும்போதுகூட, அமெரிக்காவில் எந்த அங்கம் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

கேள்வி: உலக வர்த்தக அமைப்பில் ஒருமித்த கருத்தால்தான் முடிவெடுக்கிறார்களாமே. சிறிய நாட்டுக்கு அது பாதுகாப்பு அல்லவா?

பதில்: தாளில் ஆம். ஆனால் அந்த அமைப்பின் ஒப்பந்தத்தில், ஒருமித்த கருத்து என்றால் என்ன என்பதை ஓர் அடிக்குறிப்பு விளக்குகிறது: கூட்டத்தில் இருக்கும் உறுப்பினர் எவரும் முறைப்படி எதிர்க்கவில்லை என்றால் அது ஒருமித்த முடிவு. அதாவது, அறையில் இல்லாதவர் சம்மதித்தவர். ஜெனீவாவில் ஒரே நாளில் பல அறைகளில் கூட்டங்கள் நடக்கும். இரண்டு மூன்று பேர் மட்டுமே கொண்ட தூதுக்குழு எத்தனை அறைகளில் உட்கார முடியும்? அங்கே மட்டுமல்ல, எந்தப் பன்னாட்டுப் பேச்சுவார்த்தையிலும் வரைவைப் பார்த்தால் சதுர அடைப்புக்குறிகள் நிறைந்திருக்கும். ஒப்புக்கொள்ளப்படாத சொற்கள் அவற்றுக்குள் நிற்கும். பின்னிரவில் அந்த அடைப்புக்குறிகளை நீக்கும் நேரத்தில் யார் மேசையில் இருக்கிறார்களோ அவர்கள் எழுதுவதே ஒப்பந்தம்.

பெரிய நாட்டின் கையில் இதே விதி வேறு ஆயுதமாகிறது. வர்த்தக வழக்குகளை விசாரிக்கும் அதன் மேல்முறையீட்டு அமைப்பின் ஏழு இடங்களுக்கு ஆள் நியமிக்க ஒருமித்த கருத்து தேவை. அமெரிக்கா தொடர்ந்து மறுத்ததால் 2019 டிசம்பர் முதல் அது செயலிழந்து கிடக்கிறது.

கேள்வி: நிதியை நிறுத்தினால் அமைப்பு பணிந்துவிடுமா?

பதில்: எப்போதும் இல்லை. 2011இல் பாலஸ்தீனத்தை யுனெஸ்கோ உறுப்பினராகச் சேர்த்தவுடன், ஏற்கெனவே இருந்த சட்டங்களின்படி யுனெஸ்கோவின் வரவு செலவில் 22 விழுக்காடாக இருந்த தன் பங்களிப்பை அமெரிக்கா நிறுத்தவேண்டி வந்தது. யுனெஸ்கோ தன் முடிவை மாற்றவில்லை. 2013இல் வாக்குரிமையை இழந்தது அமெரிக்காதான். பணிய வைப்பதற்கு நிதியை நிறுத்துவதைவிட, இன்ன வேலைக்கு மட்டும் என்று குறித்துக் கொடுப்பதே நுட்பமான வழி. உலக சுகாதார அமைப்பின் வருவாயில் பெரும்பகுதி அப்படிக் குறிக்கப்பட்ட நன்கொடை. கொடுப்பவர் விரும்பும் நோய்க்கே அது செலவாகும்.

கேள்வி: ஒப்பந்தமே இல்லாத அமைப்பு ஒரு நாட்டின் சட்டத்தை மாற்ற முடியுமா?

பதில்: முடியும். சட்டவிரோதப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 1989இல் ஜி-7 நாடுகள் தொடங்கிய நிதி நடவடிக்கைப் பணிக்குழு எந்த ஒப்பந்தத்தின் மீதும் நிற்கவில்லை. அதன் சாம்பல் பட்டியலில் (கூடுதல் கண்காணிப்பில் வைக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில்) ஒரு நாடு சேர்ந்தால், வெளிநாட்டு வங்கிகள் அந்நாட்டுப் பரிமாற்றங்களைக் கூடுதலாகத் துருவத் தொடங்கும். 2018 ஜூன் முதல் 2022 அக்டோபர் வரை பட்டியலில் இருந்த பாகிஸ்தான், வெளியே வருவதற்காகப் பல சட்டங்களை இயற்றியது.

கேள்வி: பிடிக்காவிட்டால் வெளியேறிவிடலாம் அல்லவா?

பதில்: வெளியேறலாம், ஆனால் பழைய கணக்கு தீராது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து 2019 மார்ச்சில் பிலிப்பைன்ஸ் விலகியது. உறுப்பினராக இருந்த காலத்துக் குற்றங்கள் மீது நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் விலகலால் அழிவதில்லை. இருந்தும் அந்த நீதிமன்றத்துக்குச் சொந்தக் காவல்துறை இல்லாததால் ஆறு ஆண்டுகள் கைது எதுவும் நடக்கவில்லை. 2025 மார்ச்சில் முன்னாள் அதிபர் ரொட்ரிகோ டுடெர்டே மணிலா விமான நிலையத்தில் கைதாகி ஹேக் நகருக்கு அனுப்பப்பட்டார். பிடித்து அனுப்பியது பிலிப்பைன்ஸ் அரசு. அதற்குள் அங்கே ஆட்சியும் மாறியிருந்தது, மார்கோஸ், டுடெர்டே என்ற ஆளும் குடும்பங்களுக்கிடையே இருந்த உறவும் முறிந்திருந்தது.