நெக்ஸான், பிரெஸ்ஸா கார்களின் ஒப்பீட்டில் 'டார்க்' என்ற எண் எதைச் சொல்கிறது?

டார்க் என்பதை, சக்கரத்தைச் சுழற்ற எஞ்சின் கொடுக்கும் திருகு பலம், அதாவது இழுவை என்று புரிந்துகொண்டால் போதும்.

டாடா நெக்ஸானின் பெட்ரோல் எஞ்சின் 1,199 சிசி. மாருதி பிரெஸ்ஸாவினுடையது 1,462 சிசி. ஆயினும் சிறிய எஞ்சினே 170 நியூட்டன் மீட்டர் (டார்க்கின் அலகு) தருகிறது. பெரியது ஏறக்குறைய 137. நெக்ஸானில் டர்போ இருப்பதே காரணம். வெளியேறும் புகையின் விசையால் சுழலும் ஒரு சிறு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பதால், அதே இடத்தில் கூடுதல் பெட்ரோல் எரிகிறது. விறகடுப்பை ஊதுகுழலால் ஊதுவதைப் போன்றது இது: அடுப்பு பெரிதாவதில்லை, தீ பெரிதாகிறது. ஊதிய நொடியிலேயே தீ எழுவதில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டர்போ வண்டி சற்றுத் தயங்கிப் பிறகு பாய்வது அதனால்தான்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து பேருடன் ஏறும்போது, நெக்ஸானின் முழு இழுவை, எஞ்சின் நிமிடத்துக்கு 1,750 முறை சுழலும்போதே கிடைத்துவிடும். பிரெஸ்ஸாவுக்கு 4,400 வேண்டும், ஆகவே கியரை அடிக்கடி குறைக்க நேரும். நகர நெரிசலில் ஊர்ந்து செல்பவர்களுக்கோ, தயக்கமின்றிச் சீராக நகரும் பிரெஸ்ஸாவே இதமானது என்பது என் கருத்து. சோதனை ஓட்டத்தைக் குடும்பத்தினர் அனைவரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு மேம்பாலச் சரிவிலாவது செய்து பாருங்கள்.

சிசி கூடினால் இழுவையும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். சிசி என்பது எஞ்சின் உருளைகளின் கொள்ளளவு மட்டுமே.