சிவிஎஸ் ரிப்போர்ட்டில் ‘ஏஎஸ்’ என்று வந்தால்

சகோதரி, கூடலூரிலிருந்து நீங்கள் கேட்டது: நீங்களும் கணவரும் சிக்கிள் செல் (ரத்த அணு அரிவாள் வடிவமாகும் பரம்பரை நோய்) கேரியர், அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்கள். 12-ஆவது வாரத்தில் நஞ்சுத் திசு எடுத்துப் பார்த்த சிவிஎஸ் ரிப்போர்ட்டில் ‘ஏஎஸ்’ என்று இருக்கிறது, குழந்தைக்கு நோயா? இல்லை. ஒன்று சாதாரண மரபணு (ஏ), ஒன்று சிக்கிள் மரபணு (எஸ்); உங்களைப் போலவே கேரியர். ‘எஸ்எஸ்’ என்றால்தான் நோய்.

ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு வரியைத் தேடுங்கள்: தாயின் செல் கலப்பு. நீங்களே ஏஎஸ் என்பதால் இது ரொம்ப முக்கியம். மாதிரியில் உங்கள் திசு கலந்திருந்தால், குழந்தை எஸ்எஸ் ஆக இருந்தாலும் முடிவு ஏஎஸ் போலத் தெரியலாம். ‘கலப்பு இல்லை’ என்றிருந்தால் நிம்மதியாக இருங்கள். அந்த வரியே இல்லையென்றால் லேபில் கேளுங்கள். கலப்பு இருந்தால், 15 வாரம் முடிந்ததும் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாம்.

உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகையா? குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை, சிவிஎஸ் முடிந்த 72 மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிறந்த பிறகு குழந்தைக்கு எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனை) செய்து உறுதிப்படுத்துங்கள். 6 மாதத்துக்கு முன் சொல்யூபிலிட்டி டெஸ்ட் (சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் எளிய சோதனை) வேண்டாம். கருக்கால ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் தவறாக நெகட்டிவ் காட்டும்.

அடுத்த கர்ப்பத்திலும் எஸ்எஸ் வர 4-ல் 1 வாய்ப்பு உண்டு. மலையிறங்கிப் போக வேண்டியிருப்பதால் 10-ஆவது வாரத்துக்குள் சிவிஎஸ்ஸுக்குத் தேதி வாங்கிவிடுங்கள்.