குழந்தையின் அறையில் மாட்ட, மரப் போட்டோ பிரேம்களை வீட்டிலேயே எப்படி அலங்கரிக்கலாம்?

தங்கை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது மூன்று பிரேம் செய்தேன். முதல் பிரேமைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அதனால் அந்தக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

வளைகாப்பில் மிஞ்சிய கண்ணாடி வளையல்களைப் பிரேமின் மேல் ஃபெவிகால் வைத்து வரிசையாக ஒட்டினேன். பச்சையும் சிவப்புமாக அமோகமாக இருந்தது. நாலாம் நாள் காலையில் இரண்டு வளையல்கள் தரையில் கிடந்தன. ஒன்று மூன்று துண்டு. “நல்ல நாளும் அதுவுமா வளையல் உடையலாமாடா?” என்று அம்மா ஆரம்பித்துவிட்டார். மரத்தைப் பிடிக்கிற மாதிரி அந்தப் பசை வழவழப்பான கண்ணாடியைப் பிடிக்காது. வேறு வலுவான பசை வாங்கலாம்தான். ஆனால் நாளைக்குத் தவழப்போகிற பிள்ளை கையில் கிடைத்ததை வாயில்தான் போடும். பாசி, முத்து, பட்டன் எதையும் பிரேமின் மேல் ஒட்டாதீர்கள். மேலே பெயிண்ட் மட்டும்.

வளையலை விட மனமில்லாமல், ஒன்றரை அங்குல ஆழத்தில் பெட்டி மாதிரி ஒரு பிரேம் செய்து வாங்கி, வளையல்களை உள்ளே அடுக்கி மூடினேன். முன்னால் கண்ணாடிக்குப் பதில் 2 மி.மீ. அக்ரிலிக் ஷீட். பெயர்ப்பலகை செய்யும் கடையில் அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். விழுந்தாலும் சில்லு சில்லாகச் சிதறாது.

பரணில் தாத்தா காலத்துச் சாமி படப் பிரேம் இருக்கிறதே, தேய்த்துப் புதுசாக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வேண்டாம். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தேய்த்தால் அது தூளாகப் பறக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதியே நம் நாட்டில் 2016இல்தான் வந்தது. 2017 நவம்பரில்தான் அமலானது. பிரேம் போடும் கடையில் பெயிண்ட் அடிக்காத வெறும் மரச் சட்டமாகக் கேட்டு வாங்குங்கள்.

அதை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு 220 நம்பரால் தேய்க்க வேண்டும், மரத்தின் ரேகை போகிற திசையில் மட்டும். விரல் நுனியால் மூலைகளைத் தடவிப் பாருங்கள், சிராய் இருந்தால் அங்கேதான் இருக்கும். அப்புறம் தண்ணீரில் கலக்கும் பிரைமர் ஒரு கோட், அக்ரிலிக் பெயிண்ட் இரண்டு கோட். நான் ஆடி மாதத்தில் மொட்டை மாடியில் காயவைத்தேன். காற்றில் வந்த மண்ணெல்லாம் ஈரப் பெயிண்டில் ஒட்டி, திரும்ப முதலிலிருந்து தேய்க்க வேண்டியதாயிற்று!

டிசைனுக்கு இணையத்தில் யானை, நிலா என்று தேடிக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, காவி நிறம் அடித்து வெள்ளையில் கோலம் போடு, வேறென்ன வேண்டும் என்றார். பிரஷ் அவருக்கு வசப்படவில்லை. விளக்குமாற்றிலிருந்து புது ஈர்க்குச்சி ஒன்றை உருவி, நுனியை நறுக்கி, பெயிண்டில் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைத்தார். இரண்டு அங்குல அகலச் சட்டத்தில் மூன்று வரிசைப் புள்ளி. அதைச் சுற்றி ஒரு சிக்குக் கோலம். நாலு மூலையிலும் இழை திரும்புகிற இடத்தில்தான் கொஞ்சம் தடுமாறினார். அந்தத் தடுமாற்றத்தை நான் திருத்தவில்லை.

மூன்றாவது பிரேமில் பிள்ளையின் பாதம். நாற்பது நாள் கழித்து, இழைகோலத்துக்கு அரைத்த அரிசி மாவில் காலைத் தொட்டு, கறுப்பு அட்டையில் பதித்தோம். அந்த அட்டையையே பிரேம் போடாதீர்கள், எறும்பு வரும். அதைப் படமெடுத்துப் பிரிண்ட் போட்டு மாட்டுங்கள். படத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவில் மவுண்ட் போர்டு (ஜன்னல் மாதிரி நடுவில் வெட்டிய தடித்த அட்டை) வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் படம் ஒட்டிக்கொள்ளும்.

எங்கே மாட்டுவது? தூளிக்கும் கட்டிலுக்கும் நேர் மேலே மட்டும் கூடாது. பிறந்த குழந்தைக்கு 20, 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அதிலும் தூளிக்குள் கிடந்தால் சேலைதான் தெரியும். ஆக, ஆரம்ப மாதங்களில் இந்தப் பிரேமெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து பால் கொடுக்கிறவளுக்குத்தான். தங்கை உட்காரும் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில், அவள் கண் மட்டத்தில் மாட்டினேன். ஒட்டுப் பட்டையை நம்பவில்லை. துளை போட்டு, பிளக் அடித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்க்ரூ.