மைக்ரோபயாலஜி படிக்கும் மகளை ஏன் வேறு படிப்புக்கு மாற்ற வேண்டும்?

உங்கள் மகள் மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு, ஆய்வகத்தை விட்டு வீட்டுக்கு வரவே மனமில்லாதவள். சொந்தக்காரர்களோ, "இதில் என்ன வேலை கிடைக்கும், கடன் வாங்கியாவது டேட்டா சயின்ஸில் சேர்த்துவிடுங்கள்" என்று துளைக்கிறார்கள். வேலை கிடைக்காதோ என்ற உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. ஆனால் அந்தக் கடனை வாங்காதீர்கள். தரவை அலச உதவும் பைத்தான் என்ற நிரல்மொழி இலவசம். அதை உலாவியிலேயே எழுதி ஓட்ட உதவும் கூகுள் கோலாபும் இலவசம். புதுக் கணினிகூட வேண்டாம்.

மேற்படிப்பு, ஆசிரியர் பணி, போட்டித் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரிந்தவை. நான் சொல்ல வருவது, இருக்கும் பட்டத்தோடு, சோதனையை எப்படித் திட்டமிடுவது என்று சொல்லும் ஆய்வு முறையியலையும் பைத்தானையும் சேர்த்துக்கொள்வது.

பொதுவான கோடிங் வகுப்பில் தொடங்க வேண்டாம். அவளுடைய ரெக்கார்டு நோட்டில் பாக்டீரியா வளர்ப்பின் கலங்கலை நேரவாரியாக அளந்த எண்கள் இருக்கும். அவற்றை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக்கி, பைத்தானின் பாண்டாஸ் என்ற தரவுக் கருவியில் திறந்து, வளர்ச்சி வளைவை வரையட்டும். அப்புறம் ஜென்பேங்க் என்ற இலவச மரபணுத் தரவுத்தளத்திலிருந்து ஒரு மரபணு வரிசையை ஃபாஸ்டா என்ற உரைக் கோப்பாக இறக்கி, அதில் ஜி, சி என்ற டிஎன்ஏ எழுத்துகள் எத்தனை விழுக்காடு என்று எண்ணட்டும். உயிரியலுக்கான பைத்தான் தொகுப்பான பயோபைத்தானில் இதற்குத் தயார் வசதி உண்டு. முதல் தடவை மட்டும் சொந்தமாக எழுதட்டும். பிறகு உயிரியல் தரவை வைத்து நிரல் பயிற்சி தரும் ரோசலிண்ட் தளத்துக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கலாம்.

எக்செல் போதாதா என்பார்கள். மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020இல், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று! நிரல் எழுதினால், தரவை என்ன செய்தோம் என்பது வரிக்கு வரி கண்முன் இருக்கும்.

கோடிங் மட்டும் தெரிந்தவர் சறுக்கும் இடமும் உண்டு. ஒரே குடுவையிலிருந்து மூன்று முறை அளந்தால் அது மூன்று மாதிரி ஆகாது. தனித்தனியாக வளர்த்த மூன்று குடுவைகள் வேண்டும். இந்தத் தவறைப் பைத்தான் பிடிக்காது. எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு பி-மதிப்பை, அதாவது முடிவு தற்செயலா என்று எடைபோட உதவும் புள்ளியியல் எண்ணை, துப்பிவிடும். பிடிக்க வேண்டியவள் உங்கள் மகள்தான்.

சில மாதம் கழித்தும் கோடிங் அவளுக்கு ஒட்டவில்லை என்றால், சொந்தத் தரவைக் கையாளும் அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும். கணினி முன் கட்டிப்போடாதீர்கள். சான்றிதழ் எங்கே என்று உறவினர் கேட்டால், கேட்டுவிட்டுப் போகட்டும். ஆய்வகத்தில் இடம் கேட்டுப் போகும்போது, தான் வரைந்த வளைவையும் அதை வரைந்த நிரலையும் எடுத்துக் காட்டட்டும்.